வியட்நாமுக்குப் பணம் எப்படிக் கொண்டு போவது? டாலரா, கார்டா, டாங்கா?

வைகைக்கரை:

வணக்கம். அடுத்த மாதம் நானும் கணவரும் மாமியாரும் எட்டு நாள் வியட்நாம் போகிறோம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஹோசிமின் நகரம், அப்புறம் டா நாங், கடைசியில் ஹனோய். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் இங்கிருந்தே கட்டியாயிற்று, ஆளுக்கு 25 டாலரில் இ-விசாவும் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, டாக்ஸி, ஒரு படகுச் சவாரி, கொஞ்சம் துணிமணி என்று 80,000 ரூபாய்க்குள் முடிக்க நினைக்கிறோம். அந்தப் பணத்தை எந்த உருவத்தில் கொண்டு போவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். கணவர், டெபிட் கார்டு இருக்கிறதே, அங்கே போய் ஏடிஎம்மில் எடுத்தால் போதும் என்கிறார். கொழுந்தனார், இங்கேயே டாங் (வியட்நாம் பணம்) வாங்கிவிடுங்கள், இறங்கியதும் அலைய வேண்டாம் என்கிறார். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு எடுக்கச் சொல்கிறார் (அவருக்கு அதில் ஏதோ கிடைக்கும் போல). மாமியார் யாரையும் கேட்கவில்லை, 500 ரூபாய் நோட்டாக 40,000-ஐச் சுருக்குப்பையில் கட்டி வைத்துவிட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் கவுண்டர்காரன்:

அண்ணா சாலையில் ஒரு பணமாற்றுக் கடையில் ஒன்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான், இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் மனம் திறந்து சொல்லலாம்.

முதலில் டாங்கை இங்கே வாங்கவே வேண்டாம். சென்னையில் டாலர், யூரோ, சிங்கப்பூர் டாலர், திர்ஹாம், ரிங்கிட் எல்லாம் தினமும் ஓடுகிற சரக்கு. டாங் அப்படியில்லை, எப்போதாவது ஒருவர் கேட்பார். கடைக்காரர் அதை எங்கிருந்தோ வரவழைத்து, விற்காமல் தங்கிவிடுமோ என்ற பயத்தையும் விலையில் ஏற்றித்தான் தருவார். ஓடாத சரக்கு எந்தக் கடையிலும் விலை கூடத்தான் இருக்கும், காய்கறிக் கடை மாதிரியேதான். எனவே இங்கே டாலர் வாங்குங்கள், அங்கே போய் டாங்காக மாற்றுங்கள். இரண்டு தடவை மாற்றுகிறோமே, இரண்டு தடவை நஷ்டமாகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஓடுகிற நாணயத்தில் இரண்டு சின்ன நஷ்டம், ஓடாத நாணயத்தில் ஒரு பெரிய நஷ்டத்தைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

கடைக்குப் போனால் "கமிஷன் உண்டா?" என்று கேட்காதீர்கள். நானே ஆயிரம் தடவை "கமிஷன் கிடையாது மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், பொய்யும் இல்லை, ஏனென்றால் லாபம் ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது. "900 டாலர் வேண்டும், வரி எல்லாம் சேர்த்து நான் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். இதையே நான்கு கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லுங்கள். பேரம் பேசினால் இறங்கும், தி.நகரில் புடவைக்குப் பேசத் தெரிந்தவர்கள் இங்கே மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஜிஎஸ்டி பெரிய தொகை இல்லை: ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை மதிப்பாக எடுத்து அதன் மேல் 18 சதவீதம். 80,000 ரூபாய்க்கு 144 ரூபாய். குறைந்தபட்சம் 45 ரூபாய்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கொண்டு போங்கள். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒருவர் நோட்டாக 3,000 டாலர் வரை வாங்கலாம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பயணத்துக்கு 60 நாளுக்கு முன்பிலிருந்தே வாங்கலாம் என்பதால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், கடைசி நாள் என்றால் விமான நிலையக் கவுண்டர்தான், அங்கே டாலருக்கு நாலைந்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு எங்களைத் திட்டுவீர்கள்.

பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று மண்ணடிப் பக்கம் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கள்ள நோட்டு வந்தால் போய் நிற்க இடம் கிடையாது, அதற்கு மேல் அது சட்டப்படியும் தப்பு.

சைகோன் சாம்பார்:

மேலே அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் ஹோசிமின் நகரத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன், ஊர்க்காரர்கள் வரும்போதெல்லாம் இதே கதைதான், இதைக் காப்பி செய்து வைத்துக்கொள்ளலாம் போல.

டாலர் வாங்கும்போது 100 டாலர் நோட்டாக, புத்தம்புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள் அக்கா. இங்கே 100, 50 நோட்டுக்கு ஒரு ரேட், 20, 10-க்கு அதைவிடக் குறைந்த ரேட் என்று வைத்திருக்கும் இடங்கள் நிறைய. கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை மை, மடிப்பில் தேய்ந்தது எதுவும் ஆகாது. நம் ஊரில் 500 ரூபாயில் யாரோ கணக்கே எழுதியிருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம், அந்தக் கண்ணோடு டாலரைப் பார்க்காதீர்கள். கவுண்டரில் ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பார்த்து, பிடிக்காததை அங்கேயே மாற்றிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இறங்கியதும் விமான நிலையத்தில் 100 டாலர் மாற்றுங்கள். மற்ற ஊர்களில் விமான நிலையத்தில் மாற்றாதே என்பார்கள், இங்கே வங்கிகளே கவுண்டர் வைத்திருப்பதால் ரேட் மோசமில்லை, ஆனால் இரண்டு மூன்று பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள், கொடுத்ததை அங்கேயே எண்ணுங்கள். மீதியை நகரத்தில் வங்கியில் மாற்றிக்கொள்ளலாம், பாஸ்போர்ட் கேட்பார்கள். பென் தான் சந்தைப் பக்கமும் ஹனோயில் ஹா சுங் தெருவிலும் நகைக்கடைகளில் மாற்றுவது வெகுகாலப் பழக்கம், ரேட்டும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஆனால் உரிமம் உள்ள இடத்தில்தான் மாற்ற வேண்டும் என்பது சட்டம். 2018-இல் கான் தோ நகரத்தில் ஒருவர் வெறும் 100 டாலரை நகைக்கடையில் மாற்றியதற்கு 9 கோடி டாங் அபராதம் போட்டு நாடே பேசியது, கடைசியில் தள்ளுபடி செய்தார்கள் என்பது வேறு விஷயம். எட்டு நாள் வருகிற நீங்கள் இந்த வம்பில் ஏன் மாட்ட வேண்டும்?

9 கோடி என்றதும் மயக்கம் போட வேண்டாம். ஒரு டாலர் சுமார் 26,000 டாங். 400 டாலர் மாற்றினாலே நீங்கள் கோடீஸ்வரர். கணக்குக்கு ஒரு குறுக்கு வழி: மூன்று சைபரை வெட்டிவிட்டு மூன்றரையால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட ரூபாய் வந்துவிடும். 40,000 டாங் காபி என்றால் 40-ஐ மூன்றரையால் பெருக்கி 140 ரூபாய். கடைக்காரர்களே அந்த மூன்று சைபரைச் சொல்வதில்லை, மெனுவில் 40 என்று மட்டும் போட்டிருப்பார்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். 20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். இரண்டும் வழவழ பிளாஸ்டிக், இரண்டிலும் ஹோசிமின் முகம். ராத்திரி டாக்ஸிக்குள் அரை வெளிச்சத்தில் 70 ரூபாய்க்குப் பதில் 1,700 ரூபாய் கொடுத்துவிட்டு இறங்கியவர்களில் நானும் ஒருவன். 5 லட்சத்தை மட்டும் தனி உறையில் வையுங்கள், தெருவில் அதை வெளியே எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் நோட்டு நோட்டு என்கிறீர்கள், இந்தக் காலத்தில் 80,000-ஐயும் இடுப்பில் கட்டிக்கொண்டு அலையச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தொலைந்தால் யார் பொறுப்பு? பாதி நோட்டு, பாதி கார்டு என்பேன். ஆனால் எந்தக் கார்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் பெரும்பாலும் 3.5 சதவீதம் மார்க்அப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம் உண்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். 10,000 ரூபாய்க்குத் தேய்த்தால் 413 ரூபாய் காணாமல் போகும். ஏடிஎம் என்றால் உங்கள் வங்கி ஒரு கட்டணம், அந்த ஊர் வங்கி ஒரு கட்டணம், தவிர வியட்நாமில் பல மெஷின்கள் ஒரு தடவைக்கு 20, 30 லட்சம் டாங்குக்கு மேல் தராது, அதாவது ஏழாயிரம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு முறை கட்டணம் அழ வேண்டும். கிரெடிட் கார்டில் பணமாக மட்டும் எடுத்துவிடாதீர்கள், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும்.

ஏஜென்ட் சொன்ன ஃபாரெக்ஸ் கார்டு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ நல்லதுதான். வியட்நாமுக்கு அதில் டாங் ஏற்ற முடியாது, டாலர்தான் ஏற்றுவார்கள். அங்கே டாங்கில் தேய்க்கும்போது நாணயம் மாறுவதற்கு என்று தனியாக இன்னொரு கட்டணம் பிடிக்கும் கார்டுகள் அதிகம். டாலர் வாங்கியபோதே ஒரு தடவை கொடுத்தாயிற்று, இது இரண்டாவது. மார்க்அப் இல்லாத கார்டுகள் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன, ஒரு மாதம் இருக்கிறதே, அதில் ஒன்றுக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

அப்புறம் இதைக் கணவரிடம் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ கார்டைப் போட்டதும் திரை ஒரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கழிக்கவா, டாங்கில் கழிக்கவா? ரூபாய் என்று பார்த்ததும் நம் ஆள்களுக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம், உடனே அதை அழுத்திவிடுவார்கள். அழுத்தினால் அந்த மெஷின்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடுவார். எப்போதும் டாங். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு நாணயம்தான்.

இன்னொன்று, 2020-க்குப் பிறகு வாங்கிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது, வங்கி ஆப்பில் போய் நீங்களே திறக்க வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றும் தனித்தனி. ஆன்லைனைத் திறக்காதீர்கள், வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்பதே இல்லை. உங்கள் கார்டு உள்ளூரில் மட்டும் ஓடும் ரூபே வகையா என்றும் பாருங்கள், பல சேமிப்புக் கணக்குகளுக்கு அதுதான் தருகிறார்கள். ஜிபே எல்லாம் நம்பிப் போகாதீர்கள்.

தேக்கா வாசி:

இவ்வளவு சிரமம் எதற்கு? ரூபாயையே கொண்டு வாருங்கள், சிராங்கூன் சாலையில் பணமாற்றுக் கடைகளில் தமிழிலேயே பேசி மாற்றிக்கொள்ளலாம். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஆர்கேடில் இன்னும் நல்ல ரேட். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தத் தொழிலில் நம் தமிழ் முஸ்லிம்கள்தான்.

கணக்குப்பிள்ளை:

ஐயா, அவர்கள் போவது வியட்நாமுக்கு. சிங்கப்பூரில் இறங்கவே இல்லை.

தேக்கா வாசி:

தலைப்பைச் சரியாகப் பார்க்கவில்லை, மன்னிக்கவும். ஆனால் நான் சொன்னது உண்மை.

பெட்டி கட்டியாச்சு:

யாரும் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடிக்கும் வரி) பற்றிச் சொல்லவில்லையே? வெளிநாட்டுப் பணம் வாங்கினால் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. 80,000-க்கு 16,000 போய்விடும், ஜாக்கிரதை.

முன்னாள் கவுண்டர்காரன்:

அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடுங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் வாங்குவதும் சேர்ந்து 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய பகுதிக்குத்தான் அந்த 20 சதவீதம். 2025 ஏப்ரலுக்கு முன்னால் அந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. பிடித்தாலும் அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம்தான், கரைந்து போவதில்லை.

வைகைக்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, மிக்க நன்றி. 600 டாலர் நோட்டாக, மீதி கார்டு என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம், அத்தையின் சுருக்குப்பை 40,000. அதை வியட்நாமில் மாற்ற முடியுமா? வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். "கையில் நம்ம காசு இல்லாமல் எப்படிப் படியைத் தாண்டுவது" என்கிறார்.

சைகோன் சாம்பார்:

இங்கே ரூபாயைக் கொடுத்தால் ஏதோ திருவிழாச் சீட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள் அக்கா. வாங்குகிற ஒன்றிரண்டு இடத்திலும் அடிமாட்டு விலைதான்.

முன்னாள் கவுண்டர்காரன்:

அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: இந்தியாவை விட்டுப் போகும்போது ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் இந்தியப் பணம் கொண்டு போக முடியாது, ரிசர்வ் வங்கி விதி. நேபாளத்துக்கும் பூடானுக்கும் விதி வேறு. பேசிப் பேசி 20,000-க்குள் கொண்டு வாருங்கள், திரும்பி வந்து சென்னையில் டாக்ஸிக்கும் டிபனுக்கும் உதவும். பணம் வாங்கிய பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், மீதி டாலரைத் திரும்ப விற்க வந்தால் கேட்பார்கள். 2,000 டாலர் வரை நோட்டாக வீட்டில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம், அடுத்த பயணத்துக்கு ஆகும்.

வைகைக்கரை:

போய் வந்தாயிற்று. கேட்டுவிட்டுக் காணாமல் போகும் ஆள் நான் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

டாலரை தி.நகரில் ஐந்து கடைக்குப் போன் போட்டுக் கேட்டு வாங்கினோம். முதல் கடை சொன்னதற்கும் கடைசியில் வாங்கிய விலைக்கும் 600 டாலரில் 780 ரூபாய் மிச்சம். ஆறு நோட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன், ஆனாலும் ஒன்றில் ஓரத்தில் கடுகு அளவு முத்திரை மை இருந்ததைக் கவனிக்கவில்லை. ஹனோயில் இரண்டு இடத்தில் தலையை ஆட்டிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் கழிவு போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள், எனக்கு ரோஷம் வந்து கொடுக்கவில்லை.

டா நாங்கில் ஏடிஎம்மில் கணவர் 30 லட்சம் எடுத்தார். திரை கேட்டது, நான் பின்னாலிருந்து டாங் டாங் என்று கோவில் மணி மாதிரி கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். பச்சை என்றால் சரி என்றுதானே அர்த்தம் என்கிறார். கணக்கில் கழிந்ததை அன்றைய ரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், 700 ரூபாய்க்குப் பக்கம் கூடப் போயிருந்தது, கடையில் பேரம் பேசி மிச்சம் பிடித்தது அங்கே போயிற்று. துணிக்கடைகள் சிலவற்றில் கார்டு என்றால் 3 சதவீதம் சேர்த்துக் கேட்டார்கள், அதை யாரும் இங்கே சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

நீல நோட்டு விஷயத்தில் தப்பித்தது அத்தையால். முதல் நாளே எல்லா நோட்டையும் கட்டிலில் பரப்பச் சொல்லி, வெற்றிலைப் பையின் மூன்று அறைகளில் நிறம் பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டார். எழுத்தே படிக்கவில்லை, சைபரைத்தான் எண்ணினார். அதற்குப் பிறகு எட்டு நாளும் கல்லா அவரிடம். அவருடைய 20,000 ரூபாயும் சுருக்குப்பைக்குள்ளேயே போய்விட்டு அப்படியே திரும்பி வந்தது.

கையில் 3,40,000 டாங் மீந்துவிட்டது. சென்னையில் கேட்ட கடைகளில் வாங்க மாட்டோம் என்கிறார்கள்.

சைகோன் சாம்பார்:

ஹனோய் விமான நிலையத்திலேயே காபியும் முந்திரியும் வாங்கித் தீர்த்திருக்கலாம் அக்கா. இதை முன்னாலேயே சொல்லாதது என் தப்பு.

முன்னாள் கவுண்டர்காரன்:

அந்த மை பட்ட 100 டாலர் என்ன ஆயிற்று? வாங்கிய கடைக்கே பில்லோடு கொண்டு போனால் மாற்றித் தர வாய்ப்பு உண்டு.

வைகைக்கரை:

கொழுந்தனார் அடுத்த மாதம் பாலி போகிறார். அவர் தலையில் கட்டிவிட்டேன்.

முன்னாள் கவுண்டர்காரன்:

பாலியில் நோட்டு விஷயத்தில் இன்னும் கறார் மேடம்.

வைகைக்கரை:

தெரியும். இங்கேயே டாங் வாங்கச் சொன்னவர் அவர்தானே.